மாத்திரை அட்டைக்கு முன்பே தொடங்கியது

கேள்வி:

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். கணவர் பவர் டேபிள் டெய்லர். ஆர்டர் இருக்கும் நாட்களில் இருவருக்கும் ஒன்றரை ஷிப்ட். மகனுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறான். சிறு வயதில் என் அம்மாவிடம்தான் வளர்ந்தான். போன வருடம் ஆடியில் அம்மா தவறிவிட்டார்கள். அதன் பிறகு பையன் கபடிக்குப் போவதை விட்டான், இரவில் தூங்குவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். வயது அப்படி என்று விட்டுவிட்டோம். ஆறு மாதத்துக்கு முன்பு கூல் லிப் (உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலம்) வைப்பது தெரிந்தது. போன வாரம் அவன் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் காலியான வலி மாத்திரை அட்டைகள் ஆறு இருந்தன. இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறான். என் கணவர் பெல்ட்டால் அடித்துவிட்டார். எங்கள் காம்பவுண்டில் இன்னும் நான்கைந்து பையன்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். படிப்பை நிறுத்திவிட்டுக் கைமடி வேலைக்குப் போகும் ஒரு பையன்தான் எல்லோருக்கும் கொடுக்கிறான். அவன்தான் என் மகனைக் கெடுத்தான். ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சொன்னால் ராத்திரி வண்டியில் வந்து தூக்கிக்கொண்டு போய், ஆறு மாதத்தில் திருத்தி அனுப்பிவிடுவார்கள் என்று என் அண்ணன் சொல்கிறார். போலீசில் சொல்லலாமா, பள்ளிக்குத் தெரிந்தால் டி.சி. கொடுத்துவிடுவார்களா என்று பயமாக இருக்கிறது. என் கணவர் சனிக்கிழமை மட்டும் குடிப்பார். வேறு கெட்ட பழக்கம் இல்லை. எங்கள் வீட்டில் ஏன் இப்படி நடந்தது?

ஒரு தாய், திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மாத்திரை அட்டைகளைப் பற்றிய வரியைவிட, அதற்குச் சில வரிகள் முன்னால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு செய்தியில்தான் ஒவ்வொரு முறையும் என் கண் நின்றது. பாட்டி இறந்தார், தூக்கம் போனது, கபடி நின்றது, கோபம் வந்தது, பிறகு கூல் லிப், பிறகு மாத்திரை. இந்த வரிசையை நீங்களே சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வீட்டில் எல்லோரும் கடைசியில் வந்த மாத்திரையிலிருந்து கதையைத் தொடங்குகிறீர்கள்; உங்கள் மகனுக்கு அது ஆடி மாதத்தில் தொடங்கிவிட்டது. உங்கள் கேள்விகளுக்கு நான் சொல்லப்போகும் பதில்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

வளரிளம் பருவத்துப் பையன்களுக்கு மனச்சோர்வு வந்தால், அவர்கள் மூலையில் உட்கார்ந்து அழுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலும் அது எரிச்சலாகவும் கோபமாகவும், பிடித்த விளையாட்டைத் தொடாமல் இருப்பதாகவும், விடிய விடியக் கைப்பேசியைப் பார்த்துவிட்டுக் காலையில் எழ முடியாமல் கிடப்பதாகவும்தான் வெளியே தெரியும். பெற்றோர் அதைத் திமிர் என்றும், ஆசிரியர் அதை ஒழுங்கீனம் என்றும் படிப்பார்கள். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. ஐம்பது பேர் உட்காரும் ஒரு வகுப்பில் மூன்று நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே உங்கள் வீட்டில் மட்டும் ஏன் இப்படி என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. ஒன்றரை ஷிப்ட் வேலை பார்த்த குற்றத்துக்கு இது தண்டனை என்று எண்ணி உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளவும் வேண்டாம். பாட்டி இருந்தவரை, பள்ளிவிட்டு வரும்போது அந்தப் பையனுக்காகத் திறந்திருந்த ஒரு கதவு இப்போது பூட்டிக் கிடக்கிறது. நீங்கள் இருவரும் வேலை முடிந்து வரும்வரை அந்த வீட்டில் அவனுக்கு யாரும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு இதே வயதுப் பையன் ஒருவனை என்னிடம் அழைத்து வந்தார்கள். அவனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பெற்றோரை வெளியே அனுப்பிய பிறகும் அரை மணி நேரம் அவன் பேசவில்லை. மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி, துளித் துளியாகக் கிள்ளி, கிள்ளியதை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தான். லேபிள் தீர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தான். "மாத்திரை போட்டா மண்டைக்குள்ள சத்தம் நின்னுடும் சார். அதுக்குத்தான்" என்றான். போதை ஏறும் இன்பத்தைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தூங்க முடியாத ஒரு பிள்ளைக்கு யாரோ ஒரு வழியைக் காட்டினார்கள். அது கெட்ட வழி, ஆனால் அன்றிரவு அவன் தூங்கினான். மாத்திரையை மட்டும் பிடுங்கிவிட்டு அந்தச் சத்தத்தை அப்படியே விட்டுவைத்தால், அவன் கூல் லிப்புக்கோ கஞ்சாவுக்கோ பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனுக்கோ போவான். சொல்யூஷனை நான் சும்மா குறிப்பிடவில்லை. மத்திய அரசு 2019இல் வெளியிட்ட போதைப்பொருள் ஆய்வறிக்கையின்படி, பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்படும் ஒரே போதை வகை முகர்ந்து ஏற்றும் பொருட்கள்தான்: 10 முதல் 17 வயதினரில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். நீங்கள் அட்டையின் பெயரை எழுதவில்லை. தமிழ்நாட்டில் இப்போது பையன்களிடம் அதிகம் புழங்குவது டேபென்டடால் போன்ற வலி நிவாரணிகள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை, அபின் வகை மருந்துகள் உடலில் வேலை செய்யும் இடத்திலேயே வேலை செய்பவை. சிலர் இவற்றை ஊசியாகவும் ஏற்றுகிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் உள்ள மாவும் சுண்ணமும் இரத்தக் குழாயை அடைத்துவிடும். கை அழுகிப்போய்ப் படுத்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முழுக்கைச் சட்டை எனக்குக் கவலை தருவது இதனால்தான். ஆனால் அந்தச் சட்டைக்குள் ஊசித் தழும்புதான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிளேடால் தன்னைத் தானே கீறிக்கொண்ட கோடுகளும் இருக்கலாம். பெல்ட் அடியின் தடமும் இருக்கலாம். சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டாம், மருத்துவர் பார்க்கட்டும். ஊசி போட்டிருந்தால் ஹெச்.ஐ.வி.க்கும் மஞ்சள் காமாலையின் பி, சி வகைகளுக்கும் இரத்தப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. பரிசோதனை இலவசமாகவும் இரகசியமாகவும் நடக்கும். சி வகைக் காமாலையைப் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டே குணப்படுத்திவிடலாம். தேசியத் திட்டத்தின்கீழ் அந்த மருந்தும் இலவசம். பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. "இன்றோடு நிறுத்து" என்று அறையில் பூட்டி வைத்துவிடாதீர்கள். பழகிய உடம்பில் இந்த வகை மாத்திரை திடீரென்று நின்றால் மூக்கும் கண்ணும் ஒழுகும், கொட்டாவி விடாமல் வரும், கை கால் முறித்துப் போட்டதுபோல் வலிக்கும், வயிற்றுப்போக்கு ஆகும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அடங்கும். மருந்து கொடுத்தால் இந்த வேதனையைப் பெருமளவு குறைக்கலாம். தூக்க மாத்திரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தால், அதைத் திடீரென நிறுத்துவதால் வலிப்பே வரக்கூடும். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. குடும்பங்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. சில வாரம் நிறுத்திய பிறகு உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்துவிடுகிறது. அப்போது ஒரு நாள் மனம் தளர்ந்து பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது. மறுவாழ்வு இல்லத்திலிருந்து திரும்பிய முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை என்று நாங்கள் சொல்வதன் காரணம் இதுதான். பையனை எழுப்ப முடியவில்லை, குறட்டை வித்தியாசமாகக் கேட்கிறது, உதடு நீலமாகிறது என்றால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 108ஐ அழையுங்கள்.

உங்கள் அண்ணன் சொன்ன யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதே. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இரவில் நான்கு பேர் வந்து தூக்கிப்போகும் இடத்தில் நடப்பது சிகிச்சை ஆகாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கூரை தீப்பிடித்தபோது ஓட முடியாமல் எரிந்து இறந்தார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கழித்து வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை செய்திருக்கிறது. போதைப் பழக்கமும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. 18 வயது நிறையாத பிள்ளையை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமானால், ஒரு மனநல மருத்துவர் உட்படக் குறைந்தது இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து அது அவசியம் என்று கூற வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து வைக்காமல் தனி இடம் தர வேண்டும். பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ உடன் தங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் அண்ணன் சொல்லும் இல்லத்தில் இவற்றில் எத்தனை உண்டு என்று கேட்டுப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பாட்டியை இழந்த பிள்ளையை, சொந்தத் தாய் மாமனே ஆள் வைத்துத் தூக்கிப்போகச் சொன்னால், அதன் பிறகு இந்த உலகத்தில் யாரை நம்புவான்?

அவனோடு பேசும் விதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பேச்சில்தான் பல வீடுகளில் காரியம் கெடுகிறது. அட்டைகளை மேசை மேல் பரப்பி விசாரணை நடத்த வேண்டாம். உங்கள் கணவரும் நீங்களும் அண்ணனும் சூழ்ந்துகொண்டு பேசவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் சாப்பிட்ட பிறகு, முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். இந்த வயதுப் பையன்களுக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும்தான் பேச்சு வரும். "பாட்டி போனதிலிருந்து நீ தூங்கவே இல்லை. நானும் சரியாகக் கேட்கவில்லை" என்று தொடங்குங்கள். அம்மாவை இழந்தவர் நீங்களும்தான்; நீங்கள் அழுதால் அழுதுவிடுங்கள், அவன் பார்க்கட்டும். மாத்திரை விஷயம் தெரியும் என்பதையும் மறைக்க வேண்டாம். அடிப்பதற்காகக் கேட்கவில்லை, மருத்துவரிடம் சேர்ந்து போவதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். முதல் நாள் அவன் பொய் சொல்வான், அல்லது கதவை அறைந்து சாத்திக்கொள்வான். அன்று அதோடு விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி போய் உட்காருங்கள்.

ஒரு கேள்வியை மட்டும் நேராகவே கேட்டுவிடுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா, கண்ணு?" அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். அது உண்மையல்ல, கேட்டதும் பாரம் இறங்கிய பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கொங்குப் பகுதியில் வேலை பார்த்த மருத்துவர் எவரும் சாணிப்பவுடரை மறக்க முடியாது. சாணத்துக்குப் பதிலாகக் கரைத்து வாசல் தெளிக்க வாங்கி வைத்த அந்த நச்சுச் சாயப்பொடிப் பொட்டலம் எத்தனை வீடுகளை அழித்திருக்கிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். சாணிப்பவுடர், எலி பேஸ்ட், பூச்சிமருந்து எது வீட்டில் இருந்தாலும் இன்றே அப்புறப்படுத்துங்கள். உங்கள் கணவரின் அல்லது உங்களின் மாத்திரைகள் இருந்தால் பூட்டி வையுங்கள். அவன் ஆமாம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். இரவாகிவிட்டால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் சேவையின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

உங்கள் கணவரைப் பற்றி எழுதாமல் இந்தப் பதிலை முடித்தால் அது நேர்மையாகாது. பெல்ட்டை எடுத்ததற்குக் காரணம் பயம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அடி, அந்தப் பையனுக்கு ஏற்கெனவே இருக்கும் தாழ்வையும் தனிமையையும் கூட்டும். அது இன்னொரு மாத்திரைக்குக் காரணமாகும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் குடிப்பதை வேறு கெட்ட பழக்கம் இல்லை என்ற வரியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். பிள்ளையின் கண்ணில் அது, வாரம் முழுதும் உழைத்த களைப்பையும் மனக்கஷ்டத்தையும் ஒரு பொருளால் அடக்கலாம் என்று அப்பா காட்டிய வழி. அவரை நான் குற்றவாளி ஆக்கவில்லை. மகன் சிகிச்சையில் இருக்கும் மாதங்களிலாவது வீட்டுக்குள் குடி வராமல் பார்த்துக்கொள்ளுமாறும், மருத்துவமனைக்கு ஒருமுறையாவது அவரே கூட வருமாறும் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

கைமடி வேலைக்குப் போகும் அந்தப் பையனுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. பதினேழு இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். உங்கள் மகனைக் கெடுத்தவன் அவன் என்று நீங்கள் கொதிப்பது நியாயமே. ஆனாலும் படிப்பை விட்டு, பகல் முழுவதும் டேபிளுக்குப் பக்கத்தில் நின்று துணி மடிக்கும் ஒரு சிறுவனுக்கும் அந்த மாத்திரையை யாரோ ஒரு பெரியவர்தான் கொடுத்திருப்பார். குழந்தைக்குப் போதைப்பொருளோ புகையிலைப் பொருளோ கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. கூல் லிப்பை எடுத்துக் கொடுக்கும் பெட்டிக்கடையும் இதில் அடங்கும். சட்டத்தின் கை போக வேண்டியது அங்கே. சீட்டு இல்லாமல் மாத்திரை விற்கும் மருந்துக்கடை எது என்று தெரிந்தால், மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். காம்பவுண்டின் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், ஒருவர் மேல் பகை விழாது. பையன்களின் பெயரைப் புகாரில் எழுத வேண்டாம். தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு ஓரளவு பாதுகாப்பும் தருகிறது.

அந்தப் பெண்களைக் கூட்டும்போது, யார் வீட்டுப் பிள்ளை முதலில் தொட்டான் என்ற பேச்சு எழும். அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தப் பேச்சு தொடங்கினால் அடுத்த வாரம் ஒருவரும் வரமாட்டார்கள். மாறாக, மாலை ஐந்து முதல் எட்டு வரை இந்த ஐந்து வீட்டிலும் யாருமில்லை என்பதைப் பேசுங்கள். ஷிப்ட் இல்லாத நாளில் ஒருவர் வீட்டில் எல்லாப் பையன்களுக்கும் டீயும் திங்க ஏதாவதும் கிடைக்கும்படி முறை வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். கபடிக் குழுவை நடத்திய அண்ணன் யாராவது இருந்தால், உங்கள் மகனைத் தேடி வந்து கூப்பிடச் சொல்லுங்கள். அவனாகப் போகமாட்டான், கூப்பிட்டால் நான்காவது தடவை போவான்.

பள்ளியைப் பொறுத்தவரை, இப்போதே எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மனச்சோர்வுக்குச் சிகிச்சை நடக்கிறது என்று மருத்துவர் தரும் சான்றோடு வகுப்பாசிரியரை மட்டும் பாருங்கள். பையனைப் பள்ளியிலிருந்து நீக்குவதாக மிரட்டினால் 1098ஐ அழைத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தின் உதவியைக் கேளுங்கள். பள்ளியை விட்ட பிள்ளையை மீட்பது எங்களுக்கும் பல மடங்கு கடினம்.

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு சிகிச்சை மையங்களும் இயங்குகின்றன. அங்கே எங்கே போவது என்று மனநலப் பிரிவிலேயே வழிகாட்டுவார்கள். காலியான அட்டைகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அந்தப் பெயர்கள் வேண்டும். பாட்டி இறந்ததையும் தூக்கம் போனதையும் முதலில் சொல்லுங்கள், மாத்திரையைப் பிறகு சொல்லுங்கள். மருத்துவர் பையனிடம் தனியே பேச வேண்டும் என்றால் வெளியே வந்துவிடுங்கள். உள்ளே என்ன பேசினான் என்று பேருந்தில் துருவிக் கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து இருந்தால் மருத்துவர் தாமே உங்களை அழைத்துச் சொல்வார். ஒரே தடவையில் தீராது. மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கும், நடுவில் ஒன்றிரண்டு முறை அவன் மறுபடியும் மாத்திரையைத் தொடவும் கூடும். அப்படி ஆனால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்; சிகிச்சை தோற்றுவிட்டது என்று நிறுத்திவிட வேண்டாம்.

அவன் வர மறுத்தால், முதல் நாள் நீங்கள் மட்டும் போங்கள். தாய் மட்டும் தனியாக வந்து தொடங்கிய சிகிச்சைகள் என்னிடமும் பல உண்டு. மூன்றாவது முறை, வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றபடி பையனும் வந்திருப்பான்.